கார் கண்ணாடியில் விடாப்பிடிப் பசை: பார்த்தால் எப்படி இருக்கிறது, எதை வைத்து எடுப்பது

திருப்பூரில் பழைய கார் வாங்கி விற்கும் சிலருக்கு, வண்டியைத் துடைத்து விற்பனைக்குத் தயார் செய்து கொடுப்பது என் பிழைப்பு. சீட் கழுவுவது, பாலிஷ் போடுவது எல்லாம் இத்தனை மணி நேரம் என்று கணக்குச் சொல்லிவிடலாம். நேரத்தைத் தின்பது கண்ணாடிதான். ஏழெட்டு வருஷம் ஓடின வண்டியென்றால் ஒரு குடும்பமே அதில் ஒட்டியிருக்கும்: பனியன் கம்பெனி கேட் பாஸ், பழநி முருகன், பிள்ளையின் பள்ளிக்கூட ஸ்டிக்கர், அப்பார்ட்மென்ட் பார்க்கிங் எண், பழைய பாஸ்டாக்கின் மேலேயே புது பாஸ்டாக், அப்புறம் யாருடைய கல்யாணத்துக்கோ பூ ஒட்டின செல்லோடேப்பின் மிச்சம்.

இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது 2012 மே மாதம். ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. அடுத்த வாரமே போலீஸ் நிறுத்தி அபராதம் போட ஆரம்பிக்க, நான் எடுபிடியாக இருந்த கடை வாசலில் அக்னி நட்சத்திர வெயிலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. ஃபிலிமை உரிப்பது ஐந்து நிமிஷம். அதன் பசையை எடுப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

அப்போது புரிந்தது ஒன்று. கண்ணாடி லேசில் கெடாது. கெடுவதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவை: கண்ணாடி ஓரத்து பீடிங் ரப்பர், பின் கண்ணாடியில் ஓடும் டிஃபாகர் கோடுகள் (சூடாகிப் பனியைப் போக்குபவை), டேஷ்போர்டு, கீழே இருக்கும் பெயின்ட். அதனால் கீழே ஒவ்வொரு இடத்திலும் பசையை எப்படி எடுப்பது என்பதோடு, எதன் மேல் கை படக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

## கை வைக்கும் முன்

பசை உள்பக்கமா வெளிப்பக்கமா என்று நகத்தால் தொட்டுப் பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம். உள்ளே ஒட்டின ஸ்டிக்கரை வெளியே நின்று அரைமணி நேரம் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கண்ணாடியில் ஃபிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். கதவுக் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி மேல் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால், ஃபிலிம் இருந்தால் விளிம்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே ஒரு மெல்லிய கோடு தெரியும். ஃபிலிம் மேல் பிளேடும் வேண்டாம், நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். சோப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அது கண்ணாடிதானா? ஜன்னல் மேலே மழைக்காக ஒட்டும் வைசர், ஹெட்லைட் மூடி எல்லாம் பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் கண்ணாடி ‘டிங்’ என்று சொல்லும், பிளாஸ்டிக் ‘டொக்’ என்று சொல்லும். பிளாஸ்டிக்கில் தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ ஒரு சொட்டுப் பட்டாலும் வெள்ளை பூத்துவிடும், திரும்ப வராது.

முன் கண்ணாடியில் கல் அடித்த புள்ளியோ விரிசலோ இருந்தால் அந்தக் கண்ணாடிக்குச் சூடு காட்டாதீர்கள். சுடுதண்ணீர், ஹேர் டிரையர் இரண்டும் கூடாது. விரிசல் ஓடிவிடும். விரிசல் இல்லாவிட்டாலும், வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவது, குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றுவது இரண்டும் வம்பு.

சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு விட்ட தண்ணீர் ஒரு ஸ்பிரே பாட்டிலில், பழைய ஏடிஎம் கார்டு, தேங்காய் எண்ணெய், நீலகிரித் தைலம், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கைப்பிடி போட்ட புது பிளேடு ஒன்று, மைக்ரோஃபைபர் துணி இரண்டு. எங்கள் ஊரில் எதைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட்தான். விலை மலிவு, நன்றாக உறிஞ்சும். ஆனால் அதில் எங்கேயாவது ஒரு பட்டனோ ஜிப்போ ஒளிந்திருக்கும், கண்ணாடியில் கோடு போட்டுவிட்டுப் போகும். முதல் துடைப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம், உதறிப் பார்த்துவிட்டு.

பெட்ரோல் பற்றி: எல்லா மெக்கானிக்கும் பெட்ரோல் நனைத்த துணியைத்தான் நீட்டுவார். பசை கரையும், பொய்யில்லை. கூடவே பீடிங் ரப்பர் ஊறி உப்பும், வண்டிக்குள் நாலு நாள் நாற்றம் போகாது, மூடின காருக்குள் ஆவி நிறைந்தால் ஒரு பொறி போதும். நான் வைத்துக்கொள்வதே இல்லை. ஸ்பிரிட்டும் தீப்பிடிக்கும் சரக்குதான். நாலு கதவையும் திறந்து வைத்து, துணியில் நனைத்து மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், சாமி படத்துக்கு ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

## “மேல் காகிதம் கிழிந்து வந்துவிட்டது, கீழே வெள்ளையாக ஒட்டிக்கிடக்கிறது”

கேட் பாஸ், பார்க்கிங் ஸ்டிக்கர், கட்சிக்காரர்கள் தேர்தலுக்கு ஒட்டின காகித ஸ்டிக்கர் எல்லாம் இப்படித்தான். அவசரப்பட்டுக் காய்ந்த காகிதத்தை உரித்ததுதான் காரணம்.

முதலில் வெறும் சோப்புத் தண்ணீர். நாலாக மடித்த டிஷ்யூ காகிதத்தை நனைத்து அந்த வெள்ளையின் மேல் ஒட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு, இருபது நிமிஷம் விடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஏடிஎம் கார்டால் கீழிருந்து மேலாகத் தள்ளினால் ஊறின காகிதம் களி மாதிரி வரும். பத்தில் ஏழு இதோடு முடிந்துவிடும்.

தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றால், மேலே இன்னும் பிளாஸ்டிக் உறை இருக்கிறது என்று அர்த்தம். பிளேடு முனையால் நாலு கீறல் போட்டு (ஸ்டிக்கரில், கண்ணாடியில் அல்ல) மறுபடி ஊற வையுங்கள். இல்லையென்றால் ஹேர் டிரையர் காற்றை ஒரு சாண் தள்ளிக் காட்டி, மூலையைத் தூக்கி மெதுவாக மடக்கி இழுங்கள். மேல்நோக்கி இழுக்கக் கூடாது, கண்ணாடியோடு ஒட்டினாற்போலப் பின்னோக்கி இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மறுபடி பசை கீழேயே தங்கிவிடும்.

கடைசியாகத்தான் பிளேடு. முன் கண்ணாடியிலும் கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கத்திலும் மட்டும். புது பிளேடாக இருக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் வழிய வழிய இருக்க வேண்டும், கிட்டத்தட்டப் படுக்கவைத்த மாதிரிப் பிடிக்க வேண்டும், ஒரே திசையில் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் பிளேடுக்கு அடியில் மாட்டும் ஒரு மணல் துகள் போதும், கீறல் விழுந்துவிடும். தள்ளும்போது ‘கிரிச்’ என்று கேட்டால் உடனே நிறுத்திக் கண்ணாடியையும் பிளேடையும் கழுவுங்கள்.

## “ஸ்டிக்கர் போய்விட்டது, பசை மட்டும் பிசுபிசு என்று இருக்கிறது”

கட்டைவிரலால் காய்ந்தபடியே உருட்டிப் பாருங்கள். திரி திரியாகத் திரண்டு வந்தால் நல்ல காலம். புது செல்லோடேப் ஒரு துண்டை அதன் மேல் அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிய்த்தால் பழைய பசை புது டேப்போடு வந்துவிடும். நாலைந்து தடவை செய்தால் பாதி வேலை முடிந்தது, எந்தத் திரவமும் தேவையில்லை.

திரளாமல் இழுபட்டால் தேங்காய் எண்ணெய். பலாப்பழம் அரியும் முன் வீட்டில் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே சங்கதி. செல்லோடேப், டபுள் சைடு டேப், பழைய காகித ஸ்டிக்கர் இவற்றின் பசை எண்ணெய்க்கு இளகும். தாராளமாகத் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, துணியால் வட்டமாகத் தேய்த்து எடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவ வேண்டும். எண்ணெயை அப்படியே விட்டால் இரவில் எதிர் வண்டி வெளிச்சம் பரவி ஒன்றும் தெரியாது.

அதற்கும் அசையவில்லையா, நீலகிரித் தைலம். ஊட்டிக்குப் போய் வந்தவர் வீட்டில் ஒரு பாட்டில் சும்மா கிடக்கும். பஞ்சில் நனைத்து ஒற்றி இரண்டு நிமிஷம் வைத்தால் பசை ஜெல்லி மாதிரி இளகும். கடையில் விற்கிற பல ஸ்டிக்கர் ரிமூவரைவிட எனக்கு இதுதான் கை கொடுத்திருக்கிறது. ஆனால் இதை டேஷ்போர்டிலோ கதவின் உள் பிளாஸ்டிக்கிலோ சொட்ட விடாதீர்கள், மினுக்குத் திட்டாக நின்றுவிடும். கீழே ஒரு பழைய துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். தலைவலிக்குத் தடவுகிற சரக்குதானே என்று நினைக்க வேண்டாம். சின்னக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் பாட்டிலைத் திறந்து வைக்கக் கூடாது, குழந்தை குடித்தால் விஷம்.

எண்ணெய், தைலம் இரண்டுக்கும் மசியாமல் தெளிவான, கண்ணாடி போன்ற பசையாக நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் நல்ல தரமான அக்ரிலிக் பசை. டேஷ்கேமரா, மொபைல் ஸ்டாண்டு ஒட்டும் டேப்பில் இருப்பது. டேப் இன்னும் தடியாக இருந்தால் பல் இடுக்கு சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலையோ தூண்டில் நரம்பையோ பின்னால் விட்டு அறுத்து எடுங்கள். மீந்ததன் மேல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஐந்து நிமிஷம் வைத்து, ஏடிஎம் கார்டால் தள்ளுங்கள்.

இந்தப் பிரச்சினைக்கு ஆள் கூப்பிட வேண்டிய அவசியமே வராது, ஒரு இடம் தவிர. ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கேமராவோ மழை சென்சாரோ இருக்கும் புது வண்டிகளில், அந்தப் பெட்டிக்கு முன்னால் உள்ள கண்ணாடித் திட்டில் பசை இருந்தால் தைலம், எண்ணெய் எதுவும் வேண்டாம். வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீரால் முடிந்தால் சரி. உள்பக்கம் என்றால் சர்வீஸ் சென்டரில் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள்.

## “பாஸ்டாக்கை எடுத்தேன், பாதிதான் வந்தது”

அது அப்படித்தான் வரும். உரித்தால் கிழிய வேண்டும் என்றே செய்யப்பட்ட பொருள். அதைப் பத்திரமாக எடுத்து வேறு வண்டியில் ஒட்டலாம் என்று மெனக்கெட வேண்டாம். கையில் பிடித்துக் காட்டும் பாஸ்டாக்குகளைக் கருப்புப் பட்டியலில் போடுவோம் என்று நெடுஞ்சாலை ஆணையம் 2025-ல் அறிவித்தும் விட்டது. எடுக்கும் முன் கொடுத்த வங்கியில் பழைய டேக்கை மூடச் சொல்லுங்கள். அப்புறம் மேலே சொன்ன மாதிரி உள்பக்கத்தில் ஸ்பிரிட், பிளாஸ்டிக் கார்டு. புது டேக் ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் ஒரே கோடையில் அது கழன்று தொங்கும். கடைசித் துடைப்பு ஸ்பிரிட்டாகவே இருக்கட்டும்.

## “ஃபிலிம் உரித்தோம், பின் கண்ணாடி முழுக்கப் பசை”

மொத்த வேலையிலும் காசு போகிற இடம் இது. கொஞ்சம் நின்று பாருங்கள்.

பின் கண்ணாடியின் உள்பக்கத்தில் குறுக்கே ஓடும் பழுப்பு நிறக் கோடுகள்தான் டிஃபாகர். அவை கண்ணாடிக்குள் புதைந்தவை அல்ல, மேலே அச்சடித்தவை. சில வண்டிகளில் ரேடியோ ஆன்டெனாவும் அதே கண்ணாடியில் கோடாக ஓடும். ஃபிலிம் ஒட்டியிருந்தது இந்தக் கோடுகளின் மேல்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பழைய செடான் வந்தது. கதவுக் கண்ணாடிகளில் பிளேடு போட்டுச் சுத்தம் செய்த வேகத்தில் பின் கண்ணாடியிலும் போட்டேன். பளபள என்று ஆகிவிட்டது, வண்டிக்காரர் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போனார். மார்கழியில் குன்னூர் போய்விட்டு வந்தவர் கடைக்கு வந்து நின்றார். “ஏனுங் தம்பி, பின்னாடி கண்ணாடியில மூணு பட்டைக்கு மட்டும் பனியே போகமாட்டேங்குதுங்களே” என்றார். திட்டக்கூட இல்லை. நான்தான் கோட்டை அறுத்தேன் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்தது, அவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். கோட்டுக்கு வெள்ளிப் பெயின்ட் வாங்கின செலவு என் சம்பளத்தில் போனது.

சரி, முறை இது. வெயில் விழும் இடத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியின் வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்து ஒரு கருப்புக் குப்பைக் கவரை விரித்து ஒட்டுங்கள். உள்பக்கப் பசையின் மேலும் சோப்புத் தண்ணீர் அடித்து அதே மாதிரி ஒரு கவர். ஒரு மணி நேரம். கருப்பு சூட்டை இழுக்கும், பசை உள்ளே வேகும். கவர் காய்ந்துபோனால் மறுபடி நனையுங்கள். பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்பீக்கர் தட்டின் மேல் கனமான துண்டு விரித்துவிடுங்கள், வழியும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும்.

பின் கவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, விலக்கின இடத்தை மட்டும் துணியால் துடையுங்கள். கோடுகள் ஓடும் திசையிலேயே, இடமிருந்து வலமாக. குறுக்கே மேலும் கீழும் தேய்க்கவே கூடாது. நகம், ஏடிஎம் கார்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்கிரப்பர், பிளேடு எதுவும் கோட்டின் மேல் போகக் கூடாது. சோப்புக்கு வராத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த துணியை ஒற்றி வைத்து எடுங்கள். வீட்டில் துணிக்கு ஆவி காட்டும் ஸ்டீமர் இருந்தால் ஃபிலிமை உரிக்கும்போதே பயன்படுத்துங்கள். பசை ஃபிலிமோடு சேர்ந்து வர வாய்ப்பு அதிகம், பாதி வேலை மிச்சம். கண்ணாடிக்கு ஒரு ஜாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

முடிந்ததும் சோதனை: என்ஜினை ஓட விட்டு டிஃபாகரைப் போடுங்கள். கண்ணாடியில் வாயால் ஊதி ஆவி படியச் செய்தால் கோட்டை ஒட்டி முதலில் தெளியும். தெளியாத கோடு அறுந்த கோடு. எங்கே அறுந்தது என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம். ஒரு முனையை வண்டியின் உலோக பாடியில் (எர்த்) வைத்து மறு முனையைக் கோட்டின் மேல் நகர்த்தினால் வோல்டேஜ் சீராகக் குறைந்துகொண்டே வரும், அறுந்த இடத்தில் ஒரேயடியாகக் குதிக்கும்.

ஓரிரண்டு சின்ன வெட்டு என்றால் கடத்தும் வெள்ளிப் பெயின்டை இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவில் தடவி நீங்களே முடிக்கலாம். ஓரத்தில் வயர் மாட்டும் உலோகக் காது பெயர்ந்து வந்துவிட்டால் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் பற்றவைப்பார். நாலைந்து கோடுக்கு மேல் போய்விட்டால் கண்ணாடி மாற்றுவதுதான். மலைப்பக்கம் போகாதவர்கள் அப்படியே விட்டுவிட்டும் ஓட்டுகிறார்கள், அது உங்கள் முடிவு.

இன்னொன்று. பசையை எடுத்த கையோடு மறுபடி ஃபிலிம் ஒட்ட ஆசைப்படுவார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 100, முன்னும் பின்னும் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வர வேண்டும் என்கிறது. கடைக்காரர் “ஒண்ணும் ஆகாதுங்க” என்று சொன்னால், அபராதச் சீட்டு அவர் பேருக்கு வராது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

## “ஸ்டிக்கரே ஒட்டவில்லை, காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பிசுக்குப் புள்ளி”

மேலே பாருங்கள். மாமரம்தானே?

தை, மாசியில் மா பூக்கும்போது தத்துப்பூச்சி அடித்தால் அது கழிக்கும் இனிப்பு நீர் சாரல் மாதிரி விழும். அது வெறும் சர்க்கரைப்பாகு, அன்றைக்கே பச்சைத் தண்ணீரில் போய்விடும். ஒரு வாரம் விட்டால் அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து தார் அடித்த மாதிரி ஆகும். அப்போதும் பயமில்லை, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைத்தால் கரையும். உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை மட்டும் போட்டுவிடாதீர்கள். பாகு, தூசு, வைப்பர் மூன்றும் சேர்ந்தால் உப்புக் காகிதம்தான்.

வேப்பம் பிசின், முருங்கைப் பிசின் மாதிரி தங்க நிறத்தில் கட்டியாக இருந்தால் அதுவும் தண்ணீருக்கே இளகும், நேரம்தான் கூட ஆகும். நனைத்த துணியைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பால் வடிகிற மரம் என்றால் (பலா, ஆல், அரசு) தண்ணீர் வேலைக்காகாது, தேங்காய் எண்ணெய்.

கருப்புப் புள்ளி, கீழ்ப்பாதியில் மட்டும், புதிதாகப் போட்ட சாலையில் போய்வந்த பிறகு என்றால் தார். எண்ணெய் தடவி ஊற வைத்துத் துடைத்தால் பழுப்பாகக் கரைந்து வரும். பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்து சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் அது சிமென்ட், தேய்க்கவே வேண்டாம். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கண்ணாடியில் மட்டும் ஒற்றி ஒற்றி இளக்குங்கள். பானெட்டிலும் விழுந்திருந்தால் டீட்டெய்லிங் கடைக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

## “கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது”

கழன்ற ரியர்வியூ மிரரை யாரோ ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய இடமாக இருக்கும். கலர் இல்லாத நெயில் பாலிஷ் ரிமூவரை (அசிட்டோன் உள்ளது) பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கீழே டேஷ்போர்டில் துண்டு விரிக்காமல் இதைத் தொடவே கூடாது. ரப்பர் மாதிரி அழுத்தினால் உள்ளே போய்வரும் வெள்ளை அல்லது கருப்புக் கட்டி என்றால் சிலிக்கான் சீலன்ட். எந்தத் திரவத்துக்கும் அசையாது, நனைந்த பிளேடு மட்டும்தான் வழி. ஆனால் அது முன் கண்ணாடியின் ஓரத்தில், கண்ணாடியும் பாடியும் சேரும் இடத்தில் இருக்கிறதா? கை வைக்காதீர்கள். அங்கே ஒட்டிப் பிடித்திருப்பது கண்ணாடியையே தாங்குகிற பசையாக இருக்கலாம். கண்ணாடி மாற்றுகிற ஆளிடம் காட்டுங்கள்.

## “பசை போய்விட்டது, ஆனால் அந்த வடிவம் இன்னும் தெரிகிறது”

கண்ணாடியில் ஊதிப் பாருங்கள். ஸ்டிக்கர் வடிவம் ஆவியில் மட்டும் தெரிந்து மறைந்தால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பசைப் படலம் மீந்திருக்கிறது. ஸ்பிரிட்டால் இன்னொரு முறை, இந்த முறை புதுத் துணியில். பெரும்பாலும் பழைய துணியில் இருக்கும் பசையையே திரும்பத் தடவிக்கொண்டிருப்போம்.

ஊதாமலேயே தெரிகிறது, ஆனால் ஸ்டிக்கர் இருந்த இடம் தெளிவாகவும் சுற்றிலும் மங்கலாகவும் இருக்கிறது என்றால், பசையைத் திட்டிப் பயனில்லை. வருஷக்கணக்காகப் போர் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் காய விட்ட உப்புக் கறை அது. ஸ்டிக்கர் அந்த இடத்தைக் காப்பாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். வினிகர் தண்ணீரை ஐந்து நிமிஷம் ஒற்றி வைத்துக் கழுவுங்கள். வழிந்து பெயின்டில் படாமல் உடனே நல்ல தண்ணீர் விடுங்கள். பாதி போனால் இன்னொரு முறை செய்யுங்கள்.

அதற்கும் போகவில்லை, நகத்தால் இழுத்தால் வழவழ என்றுதான் இருக்கிறது, ஆனாலும் மங்கல் நிற்கிறது என்றால் உப்பு கண்ணாடியை அரித்துவிட்டது. சீரியம் ஆக்சைடு என்னும் கண்ணாடி பாலிஷ் பொடி போட்டு மெஷினில் பாலிஷ் செய்ய வேண்டும். கதவுக் கண்ணாடியில் பொறுமை உள்ளவர் முயன்று பார்க்கலாம். முன் கண்ணாடியில், அதுவும் டிரைவர் கண்ணுக்கு நேரே, நீங்கள் செய்ய வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் கூடத் தேய்ந்தால் அங்கே பார்வை நெளியும், ரோடு அலையடிக்கும். தெரிந்த ஆளிடம் கொடுங்கள், அவரே வேண்டாம் என்றால் கேளுங்கள். நகம் தட்டி நிற்கிற கீறல் என்றால் பாலிஷ் இல்லை, கண்ணாடி மாற்றுவதுதான். இன்ஷூரன்ஸில் போடும் முன், நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு போகும் என்று விசாரித்துவிட்டு, எது மிச்சம் என்று கணக்குப் பாருங்கள்.

## “கண்ணாடி இறங்கும்போது ஒட்டிக்கொண்டு இழுக்கிறது”

பசை வேலை முடிந்து இரண்டு நாள் கழித்து வரும் புகார் இது. கதவுக் கண்ணாடியில் இளகின பசையை முழுக்கத் துடைக்காமல் பட்டனை அழுத்திக் கண்ணாடியை இறக்கியிருப்பீர்கள். அது உள்ளே போய் ரப்பர் தடத்தில் ஒட்டிக்கொண்டது.

முதலில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, கீழ் ஓரத்தை ஸ்பிரிட் துணியால் துடையுங்கள். இரண்டு இன்ச் இறக்கி, ஏற்றி, மறுபடி துடையுங்கள். துணியில் கருப்பு வருவது நிற்கும் வரை. பின், ஒரு ஐஸ்கிரீம் குச்சியில் ஈரத்துணியைச் சுற்றி, பக்கத்து ரப்பர் தடத்துக்குள் மேலிருந்து கீழாக விட்டு இழுங்கள். சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம் அடித்து நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் பழைய வேகம் வந்துவிடும். கிரீஸும் தேங்காய் எண்ணெயும் ரப்பர் தடத்தில் வேண்டாம், தூசு பிடித்து இன்னும் மோசமாகும்.

ரப்பர் கிழிந்து நாக்கு மாதிரி தொங்கினால் புது பீடிங் மாற்ற வேண்டும், அது பெரிய செலவில்லை. மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டு கண்ணாடி அசையாவிட்டாலோ, கோணலாக ஏறினாலோ கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி மோட்டாரையும் எரிக்காமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மழை நாளாக இருந்தால் கண்ணாடியைக் கையால் மேலே தூக்கி, கதவுச் சட்டத்தோடு சேர்த்து மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு போங்கள். செல்லோடேப் வேண்டாம். அதன் பசையை எடுக்க மறுபடி இந்தப் பக்கத்தின் மேல்பகுதிக்கு வர வேண்டியிருக்கும்.